பழைய கணினிப் பெட்டிக்குப் புது வேலை

எங்கள் பள்ளிப் புத்தாக்கக் கழகத்தில் சிறிய சிஎன்சி இயந்திரம் ஒன்று உள்ளது. கணினி தரும் எண்களின்படி, சுழலும் கத்தியை நகர்த்திப் பலகையைச் செதுக்கும் இயந்திரம் அது. ஒருநாள் மாணவர்கள் அதில் பெயர்ப்பலகை செதுக்கிக்கொண்டிருந்தபோது, மரத்தூளை அகற்ற ஒருவர் தூசு உறிஞ்சியின் சுவிட்சைத் தட்டினார். உடனே இயந்திரம் நின்றுவிட்டது. கத்தி எல்லையைத் தொட்டுவிட்டதாகத் திரையில் எச்சரிக்கை வந்தது. கத்தியோ பலகையின் நடுவில்தான் இருந்தது. மறுபடி தொடங்கினோம், தூசு உறிஞ்சி ஓடியதும் மறுபடி நின்றது. பலகை வீணானது.

அப்போது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சுற்று ஒட்டுப்பலகையில் திறந்தபடி கிடந்தது. அதற்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. அறையின் மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. பலரும் 'சிபியு' என்று அழைக்கும் அந்த எஃகுப் பெட்டியையே பயன்படுத்த முடிவு செய்தோம். அந்த வேலையில் நாங்கள் கற்ற அறிவியலை இங்கே காண்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

கணினி அனுப்பும் ஜி-கோட் கட்டளைகளை அர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் படிக்கிறது. அது 5 வோல்ட் துடிப்புகளை 'டிரைவர்' எனப்படும் இயக்கிச் சில்லுகளுக்கு அனுப்புகிறது. அவை 24 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு ஸ்டெப்பர் மோட்டார்களைச் சுழற்றுகின்றன.

இவ்வகை மோட்டார் பெரும்பாலும் ஓர் அடிக்கு 1.8 பாகை திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டு இருந்தால், ஓர் அடிக்குக் கத்தி 0.04 மி.மீ. நகரும். இயக்கிச் சில்லு ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால், ஒரு துடிப்புக்கு 0.005 மி.மீ. மட்டுமே. இவ்வளவு நுட்பமான வேலையைக் கெடுக்கப் பொய்யான ஒரு சமிக்ஞை போதும்.

கண்ணுக்குத் தெரியாத இரைச்சல்

தூசு உறிஞ்சியின் மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசும்போது சிறு தீப்பொறிகள் எழுகின்றன. இவை மின்காந்த இரைச்சலை உண்டாக்குகின்றன. இயந்திரத்தின் ஓரங்களில் உள்ள எல்லைச் சுவிட்சுகளின் நீண்ட கம்பிகள், வானொலியின் ஆண்டெனா போல இந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டன. சுவிட்ச் அழுத்தப்பட்டதாக எண்ணி, கட்டுப்பாட்டுச் சுற்று இயந்திரத்தை நிறுத்தியது.

மின்கடத்தியால் சூழப்பட்ட இடத்திற்குள் வெளி மின்புலம் நுழைவதில்லை என்பதை மைக்கேல் ஃபாரடே 1836-இல் பெரிய கூண்டு ஒன்றைக் கட்டிக் காட்டினார். எஃகுக் கணினிப் பெட்டியும் அத்தகைய கூண்டுதான். ஆனால் பெட்டி பாதி வேலையைத்தான் செய்யும். சுவிட்சுக் கம்பிகள் வெளியேதானே ஓடுகின்றன? ஆகவே அவற்றை உலோக உறையிட்ட கம்பிகளாக மாற்றி, உறையின் ஒரு முனையைப் பெட்டியுடன் இணைத்தோம். கம்பி சுற்றில் சேரும் இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பொருத்தினோம். மிகக் குறுகிய பொய்த் துடிப்புகளை அது விழுங்கிவிடும்.

வெப்பமும் தூசும்

கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். இயக்கிச் சில்லு மிகவும் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள இடையில் நின்றுவிடும், மோட்டார் அடிகளைத் தவறவிடும், வடிவம் கோணலாகும். எனவே காற்றோட்டம் தேவை. ஆனால் காற்றோடு தூசும் வரும். மரத்தூள் சில்லின் மேல் போர்வை போலப் படிந்து வெப்பத்தை அடைக்கும். அலுமினியத் துகளோ மின்சாரத்தைக் கடத்திக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும்.

இதற்கு வழி எளிது. பெட்டியின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் காற்றை உள்ளே தள்ளும் விசிறியைப் பொருத்தி, அதன் முன் வடிகட்டி வைக்க வேண்டும். மேல் பின்பக்கத்தில் காற்று வெளியேற வழி விட வேண்டும். பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாவதால், இடுக்குகளின் வழியாகக் காற்று வெளியேறுமே தவிர, தூசு நுழையாது. தேவையற்ற துளைகளை அடைத்துவிடலாம். கணினி விசிறி 12 வோல்ட்டில் இயங்குவது. அதை 24 வோல்ட்டில் நேராக இணைத்தால் எரிந்துவிடும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி தேவை.

கழற்றும்போது போய்விடும் பாதுகாப்பு

இதுவே நாங்கள் கிட்டத்தட்டக் கவனிக்காமல் விட்ட பகுதி. பழைய கணினியில் எஃகுப் பெட்டிக்கு 'எர்த்' இணைப்பு எங்கிருந்து வந்தது? மூன்று முனைச் செருகியின் எர்த் கம்பி மின்வழங்கியின் உலோக உடலோடு சேர்ந்திருக்கும். அந்த உடல் திருகாணிகளால் பெட்டியோடு இறுகியிருக்கும். கணினி மின்வழங்கி தருவது 3.3, 5, 12 வோல்ட் மட்டுமே. எங்களுக்கோ 24 வோல்ட் வேண்டும். அதனால் அதைக் கழற்றினோம். அதோடு பெட்டியின் எர்த் இணைப்பும் போய்விட்டது!

இந்த நிலையில் 230 வோல்ட் கம்பி ஒன்று தளர்ந்து எஃகைத் தொட்டால், பெட்டி முழுவதும் மின்னூட்டம் பெற்று நிற்கும். அதைத் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் தரைக்குப் பாயும். எர்த் இருந்தால் மின்னோட்டம் அந்தக் கம்பி வழியே பாய்ந்து, உருகி எரியும் அல்லது மின்கசிவுத் துண்டிப்பான் இணைப்பை அறுக்கும்.

ஆகவே பச்சை-மஞ்சள் எர்த் கம்பியைப் பெட்டியோடு தனியாக இணைக்க வேண்டும். பெட்டியின் சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தில் சாயத்தைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டுக்கும் தனிக் கம்பி கொடுப்பது நல்லது. எங்கள் பெட்டியின் 230 வோல்ட் இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழற்றிய மின்வழங்கியை ஒருபோதும் திறக்காதீர்கள். அதன் பெரிய மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

எதை வைத்துக்கொள்ளலாம்?

தாய்ப்பலகையைத் தாங்கிய பித்தளைக் கால்கள் மிகவும் பயனுள்ளவை. சுற்றுப்பலகையின் அடிப்புறம் எஃகில் படாமல் அவை உயர்த்திப் பிடிக்கும். முன்பக்கத்தின் 'ரீசெட்' பொத்தானை ஜிஆர்பிஎல்லின் நிறுத்து இணைப்பில் சேர்க்கலாம். ஆனால் கணினியின் பவர் பொத்தானைக் கொண்டு 230 வோல்ட்டை இயக்கக் கூடாது. அது சில வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. அவசரத்துக்கு மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சிவப்புப் பொத்தானை வெளியே தனியாகப் பொருத்துங்கள். துளையிடுவதென்றால், எல்லாப் பாகங்களையும் வெளியே எடுத்த பிறகே துளையிட வேண்டும். ஓரங்களை அரத்தால் தேய்த்து, கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே பெயர்ப்பலகையைச் செதுக்கத் தொடங்கி, தூசு உறிஞ்சியை வேண்டுமென்றே பத்து முறை போட்டு அணைத்தோம். கத்தி ஒரு முறைகூட நிற்கவில்லை.

செய்து பாருங்கள்: மின்சாரத்தோடு இணைக்கப்படாத பழைய கணினிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனைக்கு மாற்றி, இரு முனைகளையும் சாயம் பூசிய பகுதியில் வையுங்கள். பிறகு சாயமில்லாத திருகாணித் துளைகளில் வையுங்கள். எங்கே ஒலி எழுகிறது, எங்கே எழவில்லை? எர்த் கம்பியை எங்கே இணைப்பீர்கள் என்று அதைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.