பதில் வராத மனுவும் பரிகாரமும்

சர்க்கார் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டு, இன்று வரும் நாளை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பொறுமை என்றும், மறுபடி கேட்டால் அதிகாரியின் மனம் கோணுமோ என்று அஞ்சி வாளாவிருப்பதை மரியாதை என்றும் கருதிப் பழகிவிட்ட நம் ஜனங்களுக்கு, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அத்தகைய பொறுமையை எதிர்பார்க்கவில்லை என்பதை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். மனு கிடைத்த 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் முடிவு சொல்லாவிட்டால், தகவலை அவர் மறுத்துவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய விஷயமானால் அவகாசம் 48 மணி நேரமே.

அந்த அவகாசம் முடிந்ததும் மனுதாரருக்கும் கெடு ஓடத் தொடங்குகிறது. பலர் ஏமாந்துபோவது இங்கேதான். அடுத்த 30 நாளுக்குள், அந்த அலுவலருக்கு மேற்பட்ட பதவியிலுள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர் 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் 45 நாளில், முடிவு கூறாவிடில், 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீட்டோடு மாநிலத் தகவல் ஆணையத்தை நாடலாம். மேல்முறையீட்டை விட்டுவிட்டு ஆணையத்திடம் நேரே புகார் செய்வோரும் உண்டு. புகாரின் பேரில் அபராதம் விதிக்கலாமேயொழியத் தகவலைக் கொடுக்குமாறு உத்தரவிட இயலாது என்று மணிப்பூர் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2011இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருப்பதை அவர்கள் அறிந்திருப்பது நலம்.

மனுவின் வாசகமும் முக்கியம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டிய வெள்ளைத் தாளில், ‘என் பட்டா ஏன் மாறவில்லை?’ என்று ஒரு விதவை தாலுகா அலுவலகத்தைக் கேட்டால், ஆவணத்தில் உள்ளதைத் தருவதே தம் கடமை, விளக்கம் கூறுவதன்று எனத் தட்டிக்கழிக்க இடமுண்டு. ‘இன்ன தேதியில் நான் கொடுத்த பட்டா மாறுதல் மனுவின் மீது அலுவலர்கள் எழுதிய குறிப்புகள் அனைத்தின் நகல்’ என்று கேட்டாலோ, கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் உறங்கியது என்பது தேதிவாரியாக வெளிப்பட்டுவிடும். அந்த நகலைக் கெடு கடந்த பிறகு கொடுத்தால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று வசூலிப்பதும் நியாயமன்று. தாமதமான தகவலை இலவசமாகவே தர வேண்டும்.

நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம், ரூ.25,000 வரை, ஆணையம் அபராதம் விதிக்கலாம். தாமதத்துக்குக் காரணம் இருந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆனால் இரண்டாம் மேல்முறையீட்டைத் தீர்க்க ஆணையத்துக்கு மட்டும் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே அங்கே செல்வோர், தகவலோடு நில்லாமல், அபராதத்தையும் தமக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈட்டையும் அந்த மனுவிலேயே வெளிப்படையாகக் கோர வேண்டும்.