நடந்தால் காசு! ஜிம் கட்டணமும் இன்சூரன்ஸ் ரிவார்டும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஜிம்முக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் என்ன போடுவது என்று தெரியாமல் மூடிவிடுகிறார்கள். உங்கள் பணத்தை வைத்தே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. நான் அதைத் தாமதமாகப் போட்டேன். அதனால் என் வீட்டில் கொஞ்சம் பணம் கைநழுவியது.

"உடற்பயிற்சி செய்யுங்கள், பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த யோசனை இங்கே பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் டிஸ்கவரி நிறுவனம் 1997-ல் வைட்டாலிட்டி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜிம்முக்குப் போகும் ஆள் ஆஸ்பத்திரிக்குக் குறைவாகப் போவார். அவருடைய ஜிம் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை என்பதுதான் அதன் அடிப்படை.

நம் நாட்டில் ஆதித்ய பிர்லா ஹெல்த் இன்சூரன்ஸ் 2016-ல் தொழில் தொடங்கியபோது இதே வழியில் வந்தது. ஒரு நாளில் 10,000 அடிகள் நடந்தாலோ, ஜிம்மில் 30 நிமிடம் இருந்தாலோ, ஒரே பயிற்சியில் 300 கலோரி எரித்தாலோ அந்த நாள் கணக்கில் ஏறும் என்று அதன் 'ஆக்டிவ் ஹெல்த்' பாலிசியில் வைத்தார்கள். 2020 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது. புதுப்பிக்கும்போது பிரீமியத் தள்ளுபடி தரலாம், ஜிம், யோகா மையங்களுக்கு வவுச்சர் தரலாம் என்று அது அனுமதித்தது. அதன்பின் வேறு கம்பெனிகளும் இதில் இறங்கின.

நான் வாங்கியது வேறொரு கம்பெனியின் பாலிசி. மாதம் 12 நாள் கணக்கில் ஏறினால் அந்த மாதப் பிரீமியத்தில் 20 சதவீதம் ரிவார்டு. கிடைத்ததைச் சேர்த்து வைத்து அடுத்த பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு 10,800 ரூபாய் கட்டி ஓராண்டுக்கு ஜிம்மில் சேர்ந்தேன். ஜிம் ஏறக்குறைய இலவசம் என்று நண்பர்களிடமும் பீற்றிக்கொண்டேன்.

எதில் இருபது சதவீதம்?

இங்கேதான் நான் சறுக்கினேன். 20 சதவீதம் என்பது பிரீமியத்தில்தானே தவிர ஜிம் கட்டணத்தில் அல்ல. எனக்கு வயது முப்பதைத் தொடவில்லை. ஆண்டுப் பிரீமியம் 9,600 ரூபாய். மாதத்துக்கு 800. அதில் 20 சதவீதம் 160. ஜிம்முக்கு மாதம் 900 போக, வரவு 160 ரூபாய். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் இந்தப் பெருக்கலைப் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்!

அந்த 160-கூட முதல் மூன்று மாதம் வரவில்லை. 16, 15, 13 நாட்கள் ஜிம்முக்குப் போயிருந்தேன். ஆப் காட்டியதோ 5, 4, 6. வாடிக்கையாளர் சேவைக்கு ஜிம்மின் வருகைப் பதிவைப் படம் எடுத்து அனுப்பினேன். ஆப் வழியாக வந்த தகவலைத்தான் ஏற்போம், அந்த மாதக் கணக்கும் மூடியாகிவிட்டது என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தது. ஆனால் காரணம் என் ஃபோனிலேயே இருந்தது. சார்ஜை மிச்சப்படுத்த, திறக்காத ஆப்களை ஃபோன் தூங்க வைத்துவிடும். தூங்குகிற ஆப் எதை எண்ணும்?

ஆகவே இப்படி ஒரு ஆப் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் பட்டியலில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி என்பதைத் தட்டுங்கள். அங்கே அன்ரெஸ்ட்ரிக்டெட் என்று வையுங்கள். ஃபோனுக்கு ஃபோன் பெயர் சற்று மாறலாம். பெர்மிஷன்ஸ் பகுதியில் ஃபிசிக்கல் ஆக்டிவிட்டிக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் ஹெல்த் கனெக்ட் ஃபோனுக்குள்ளேயே வருகிறது. நடந்த கணக்கை ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் பாலம் அது. உங்கள் ஆப் அதைப் பயன்படுத்துகிறது என்றால் அதிலும் அனுமதி கொடுங்கள். கான்டாக்ட்ஸையும் ஃபோட்டோக்களையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். அடிகளை எண்ண உங்கள் மாமாவின் ஃபோன் நம்பர் தேவையில்லை.

இப்போது கணக்கு

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரேஆஃபீஸ் கால்க் சாஃப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். முதல் வரிசையில் ஏ முதல் இ வரை தலைப்புகளை டைப் செய்யுங்கள்: மாதம், ஜிம் கட்டணம், போன நாட்கள், கணக்கில் ஏறிய நாட்கள், வந்த ரிவார்டு. ஆண்டுக் கட்டணத்தை 12-ஆல் வகுத்துக் கட்டணப் பத்தியில் போடுங்கள். இனி எஃப்2 செல்லில் கிளிக் செய்து சமக் குறி இட்டு, அடைப்புக்குள் பி2 கழித்தல் இ2 என்று அடித்து, அடைப்பை மூடி, சாய்கோடு போட்டு, சி2 என முடித்து என்டர் தட்டுங்கள். ஒரு தடவை ஜிம்முக்குப் போக உண்மையில் எவ்வளவு செலவானது என்பது கிடைத்துவிடும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற மாதங்களுக்கும் வந்துவிடும். ஏதாவது மாதத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள். நீங்கள் ஒரு நாள்கூடப் போகாததால் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறீர்கள், சூத்திரத்தில் தவறில்லை.

என் கணக்கில் முதல் மாதம் நாளுக்கு 56 ரூபாய். பேட்டரி விஷயத்தைச் சரிசெய்தபின் ஆறாம் மாதம் 14 நாள் போய், 160 ரூபாயும் வந்ததில் 53 ரூபாய். நடுவே நான்காம் மாதம் ஆபீஸ் வேலை கழுத்தைப் பிடிக்க, நான்கே நாள்தான் போனேன். அந்த மாதம் நாளுக்கு 225 ரூபாய்! அதே ஜிம்மில் ஒரு நாள் கட்டணம் 100 ரூபாய்தான்.

இது என் ஒருவன் கதையல்ல. டெல்லாவின்யா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-ல் அமெரிக்க ஜிம்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக 4.3 தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும்.

ஆகவே பத்தி சியில் உள்ள எண் சிறியது என்றால் ரிவார்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆண்டுச் சந்தாவை விடுங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்தின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு வரியே எடுக்கப்பட்டுவிட்டது. பில்லில் ஒரு கண் வையுங்கள்.

ரிவார்டுக்காகப் பாலிசியை மாற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம் இவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ரிவார்டைப் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவின் பாலிசி நினைவுக்கு வந்தது. அதே திட்டத்தில் நானே சேர்த்துவிட்டது. அவருக்கு வயது 61. ஆண்டுப் பிரீமியம் 36,000 ரூபாய். மாதம் 3,000, அதில் 20 சதவீதம் 600. அதாவது ஜிம் பக்கமே போகாத அவருக்கு என்னைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கிடைக்க வேண்டும். கோவை ரேஸ் கோர்ஸில் மூன்று சுற்று நடக்காமல் அவருக்குக் காலை விடியாது. ஆனால் ஆப்பைத் திறந்தால் பதினான்கு மாதமாகப் பூஜ்யம்.

ஃபோன் டி.வி.க்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. காலையில் அது எப்போதும் அங்கேதான் இருக்கும். ஃபோனுக்குள் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சின்னஞ்சிறு சில்லு, உடலோடு சேர்ந்து குலுங்கினால்தான் அடியை எண்ணும். விளக்கிச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, ஃபோனை வெச்சுட்டுப் போனா நான் நடந்தது நடக்காததாயிருமா?" என்றார்.

பதினான்கு மாதத்துக்கு 8,400 ரூபாய் என்று எக்ஸெல்லில் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். மறுநாள் முதல் ஃபோன் சட்டைப் பையில் போகிறது. சார்ஜ் இரவிலேயே போட்டாகிறது. போன மாதம் அவருக்கு 24 நாள் ஏறியிருக்கிறது. எனக்கு எத்தனை என்று கேட்டார். ஒன்பது.