மூக்கு வைத்த லாரியும் மூக்கில்லாத லாரியும்

திருச்சி பால்பண்ணை ரவுண்டானா வழியாகத் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் போகும் லாரிகளைப் பாருங்கள். டாடா, அசோக் லேலண்ட், பாரத்பென்ஸ் என்று எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் முகம் தட்டைதான். டிரைவர் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். ஐரோப்பாவின் வால்வோ, ஸ்கேனியா, டாஃப் லாரிகளும் அப்படியே. கைப்பேசி வீடியோக்களில் வரும் அமெரிக்க கென்வொர்த், பீட்டர்பில்ட் லாரிகளுக்கோ முன்னால் நீண்ட மூக்கு, டிரைவருக்குப் பின்னால் ஒரு சிறிய அறை.

இரண்டில் எது ஓட்டுகிறவருக்கு நல்லது? வெளிநாட்டில் லாரி ஓட்டப் போகலாமா என்று யோசிக்கும் திருச்சி டிரைவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. வண்டியை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. அந்த நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க லாரிக்கு மட்டும் ஏன் மூக்கு? சட்டம் எதை அளக்கிறது என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் இழுக்கும் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கேபின் ஓர் அடி நீண்டால் சரக்குக்கு ஓர் அடி குறையும். அதனால் டிரைவரைத் தூக்கி இன்ஜின் மேல் உட்கார வைத்தார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பல மாநிலங்கள் முழு நீளத்தை அளந்தன. அப்போது அங்கேயும் தட்டை முக லாரிகள் நிறைய ஓடின. 1982-இல் வந்த மத்தியச் சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் ட்ரெய்லரின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆக்கியது. அதற்குப் பிறகு மூக்கு நீள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்று அங்கே சாதாரணமாக ஓடும் ட்ரெய்லர் 53 அடி, அதாவது 16 மீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் முழு வண்டியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

நம் ஊரில் மூக்கு லாரி இருந்ததே என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1954 முதல் டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் செய்த லாரிகளுக்கு மூக்கு உண்டு. பிரீமியர் நிறுவனத்தின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் அமெரிக்க வழி வந்தவை. ஆனால் இந்தியச் சட்டமும் முழு நீளத்தையே அளக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க, நாமும் ஐரோப்பிய வழிக்கே வந்துவிட்டோம்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. திருச்சியில் ஓட்டிப் பழகியவருக்கு ஐரோப்பிய கேபினில் உட்காரும் இடமும் திரும்பும் கணக்கும் புதிதாக இருக்காது. முன்சக்கரம் உங்களுக்கு நேர் கீழே. முனைக்கு அருகில் போன பிறகு வளைத்தால் போதும். காந்தி மார்க்கெட் பக்கமோ ஸ்ரீரங்கத்து வீதி முனைகளிலோ லோடு வண்டியைத் திருப்பியவருக்கு இதன் அருமை தெரியும். அமெரிக்க வண்டியில் முன்சக்கரம் உங்களுக்கு வெகு முன்னால் இருக்கும். மூக்கை ஒட்டி முன்னால் நிற்கும் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். அகலமான சாலைக்காகவே பிறந்த வண்டி அது.

அப்படியானால் மூக்கினால் டிரைவருக்கு நன்மையே இல்லையா? நிறைய இருக்கிறது. தட்டை முக லாரியில் நீங்கள் முன் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகுக்கு வரும். மூக்கு லாரியில் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் குலுக்கல் குறைவு. இன்ஜின் சூடும் சத்தமும் தள்ளியே நிற்கும். மோதினாலும் முன்னால் கொஞ்சம் இரும்பு இருக்கிறது. ஐரோப்பியர்கள் தட்டை முக லாரியின் குலுக்கலைக் காற்றுப் பை மேல் நிற்கும் கேபினாலும் சீட்டாலும் பெருமளவு குறைத்துவிட்டார்கள். நம் நாட்டில் கனரக லாரி கேபினுக்கு ஏசி கட்டாயமானதே 2025-இல்தான், அதுவும் புது வண்டிகளுக்கு மட்டும். இன்ஜின் மேல் உட்கார்ந்து சித்திரை வெயிலில் விராலிமலை தாண்டி மதுரை வரை ஓட்டியவர்கள் எத்தனை தலைமுறை! இது எப்போதோ வந்திருக்க வேண்டிய சட்டம்.

படுக்கை எப்படி? வீடியோ பார்த்து ஆசைப்படுபவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். அமெரிக்க லாரியின் பின் அறையில் அகலமான மெத்தை, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இருக்கும். காரணம், டிரைவர் பல நாள், சில சமயம் பல வாரம், அதிலேயே வாழ்கிறார். ஐரோப்பிய லாரியிலும் கட்டில் உண்டு, ஆனால் சிறியது. டாஃப் நிறுவனம் 2021-இல், நீளத்தில் புது விதி தந்த சலுகையைப் பயன்படுத்தி, கேபினை நீட்டிய பிறகு அங்கேயும் இடம் கூடியிருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 மணி நேர முழு வார ஓய்வை லாரிக்குள் கழிக்கவே கூடாது. முதலாளி தன் செலவில் தங்குமிடம் தர வேண்டும். சிறிய கட்டிலைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் சட்டத்தின் பக்கம்தான். பெரிய மெத்தையைவிடச் சட்டம் தரும் அறை மேல்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? ஐரோப்பாவில் 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். டேக்கோகிராஃப் (ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் பதியும் கருவி) எல்லாவற்றையும் எழுதிவைக்கும். அமெரிக்காவில் 14 மணி நேர வேலை நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அதற்கு முன் 10 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும். அங்கேயும் 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான டிரைவர்களுக்கு மின்னணுப் பதிவு கட்டாயம்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. ஆனால் நேரத்தைப் பதியும் கருவி இல்லாத கேபினில் அது ஏட்டோடு நிற்கிறது. வண்டியை நிறுத்த இடமும் வேண்டுமே. பஞ்சப்பூரில் 2025-இல் திறந்த சரக்கு வாகன முனையம் போன்றவை பைபாஸ் ஓரத்தில் தூங்கும் ஆபத்தைக் குறைக்கும்.

சம்பளம் எதன்மேல்? நம்மிடம் பெரும்பாலும் டிரிப் கணக்கு, படிக்காசு. அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்கள் பலருக்கு மைல் கணக்கு; சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு குறைவு, சில சமயம் இல்லை. ஐரோப்பாவில் பாதுகாப்பைக் கெடுக்கும்படி தூரத்தை வைத்துக் கூலி பேசுவது தடை. வேகமாக ஓட்டவும் முடியாது: பெரிய லாரிகள் 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் கருவி இருக்கும்.

கியர் மாற்றம் பழகுமா? ஐரோப்பாவில் இப்போது பெரும்பாலும் தானே மாறும் கியர். கிளட்ச் மிதி இருக்காது. அமெரிக்காவின் பழைய வண்டிகளில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் பழக்கம் வேண்டும். இறக்கத்தில் ஐரோப்பிய லாரிகள் பலவற்றில் ரிடார்டர் (பிரேக் கட்டையைத் தேய்க்காமல் வேகத்தை அடக்கும் கருவி) உதவும். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் உங்களிடம் இருந்தால், போகும் முன் இங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று: பிரிட்டன், அயர்லாந்து போன்ற சில இடங்கள் தவிர ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும், வளைகுடாவிலும் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே இடப்பக்கம் கண்ணுக்கு மறையும், அங்கே வலப்பக்கம். முதல் மாதங்களில் இதுதான் அதிகம் தடுமாற வைக்கும்.

சரி, எங்கே போக முடியும்? லாரி டிரைவர்களுக்கான வேலை விசாவை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக உரிமத்தோடு ‘கோட் 95’ (தொழில்முறை டிரைவர் தகுதி) வேண்டும். பயிற்சி எடுத்து அதைப் பெறுவதானால் 280 மணி நேரம், சுருக்கமான முறையில் 140 மணி நேரம். வளைகுடாவில் அந்த நாட்டு உரிமம் எடுக்க வேண்டும். அங்கே ஐரோப்பிய லாரிகள் மிகுதி, எண்ணெய் வயல்களில் அமெரிக்க மூக்கு லாரிகளும் உண்டு.

பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (குடியகல்வு அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசின் அந்த அனுமதியைப் பெற வேண்டும். ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். என்ன வண்டி, சம்பளம் மாதக் கணக்கா தூரக் கணக்கா, வார ஓய்வு எங்கே, பயிற்சிச் செலவு யாருடையது என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.