உஷார்! பேதி நின்றுவிட்டதா? இனிமேல்தான் கவனம் வேண்டும்!

அம்மாக்களே, அந்த குளுக்கோஸ் டப்பாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பிள்ளைக்கு வாந்தி பேதி வந்தால் எத்தனை தடவை போனான் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். எண்ணிக்கை குறைந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்! சாப்பாட்டை நிறுத்தினாலும் பேதி குறையத்தான் செய்யும். உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை.

தெரிந்த வீட்டில் நடந்தது இது. இரண்டு வயதுப் பையன். பேதி ஆரம்பித்ததுமே, "வயிறு காயட்டும், ஒண்ணும் குடுக்காதே" என்றார்கள் பெரியவர்கள். ஜவ்வரிசிக் கஞ்சித் தெளிவும் குளுக்கோஸ் தண்ணீரும்தான் ஆகாரம். கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஆரஞ்சு ருசியில் ஒரு அட்டைப்பெட்டி பானத்தைக் கொடுத்தார்கள். பையன் ஆசையாகக் குடித்தான். பேதி இன்னும் தண்ணீராகப் போனது. தொக்கம் எடுக்க ஓடியதில் ஒரு நாள் வீணானது. மூன்றாம் நாள் பேதி நின்றது. பிள்ளை அசந்து தூங்கினான். "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. எழுப்பினால் அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் அந்தப் பிஞ்சுக் கையில் மாறி மாறிக் குத்தினார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவே இல்லை. விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை அதிகமானால் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும், பேதி கூடும். குளுக்கோஸ் பவுடர், குளிர்பானம், பாட்டில் ஜூஸ் எதுவும் வேண்டாம்! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். அந்த அளவு இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. ஆனால் பெயர் போனாலும் பானத்தில் இருக்கும் சர்க்கரை போய்விடாது. ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது, பாருங்கள்! ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்காதீர்கள். உப்பு ஏறினால் வலிப்பு வரும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

பட்டினி மட்டும் போடாதீர்கள்! குடல் புண் ஆறுவதற்கே சாப்பாடு வேண்டும். தாய்ப்பால் ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. பாசிப்பருப்பு போட்டுக் குழைய வடித்த சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். இட்லி கொடுங்கள். தயிர் சாதம் கொடுங்கள், சளி பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம். வாழைப்பழமும் மசித்த உருளைக்கிழங்கும் பேதியில் போன பொட்டாசியத்தைத் திருப்பித் தரும். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. அதை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வாட வைக்காதீர்கள். ஒரேயடியாக ஊட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பேதி நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இளைத்த உடம்பு அப்போதுதான் ஏறும். இதைத்தான் பாதிப் பேர் செய்வதில்லை.

டாக்டர் ஜிங்க் எழுதிக் கொடுத்தால் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். பேதி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களுக்கான பேதி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது! குடல் அசைவு நின்று வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும்.

இனி சொல்வதை மனதில் பதிய வையுங்கள். கண் குழி விழுந்திருக்கிறதா? கைக்குழந்தையின் உச்சிக்குழி அமுங்கியிருக்கிறதா? அழுதால் கண்ணீர் இல்லையா? ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லையா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழையபடி படிகிறதா? மலத்தில் ரத்தமா? குடிப்பதெல்லாம் வாந்தியா? கூப்பிட்டால் சுரணையில்லாமல் கிடக்கிறதா?

இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளைக்குச் சுரணை இருந்து விழுங்க முடிந்தால், வழி நெடுக ஸ்பூனில் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.