கண் இமைக்கும் மேட்சிங் உண்டு!

'ஐ ஷேடோ' என்றாலே அது சினிமாக்காரங்களுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும்தான்னு ஒதுக்கி வைக்கிற வீடுகள் நம்ம பக்கம் இன்னும் நிறைய. ஆசைப்பட்டு வாங்கப் போனாலும், பதினெட்டு கலர் வரிசையா உட்கார்ந்திருக்கிற பெரிய பெட்டியைத்தான் கடையில் எடுத்து நீட்டுவாங்க. ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்க. பழுப்பும் செம்பும் தேய்ந்து அடித்தகடு தெரியும். இளநீலமும் வெளிர் ரோஜாவும் விரல் படாமல் அப்படியே இருக்கும். நாலு கலருக்காகப் பதினெட்டு கலருக்குக் காசு!

புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது இப்படியா செய்யறோம்? புடவையைக் கையோடு கொண்டுபோய், மேட்சிங் சென்டரில் வேண்டிய நிறத்தை மட்டும் கிழிச்சு வாங்கறோம். ஐ ஷேடோவையும் அப்படி ஒவ்வொண்ணா வாங்கலாம்.

சின்ன உலோகத் தட்டில் அழுத்தி வைத்த ஒற்றைக் கலர்கள் தனியே கிடைக்கின்றன. வட்டத் தட்டுகள் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இவற்றை அடுக்கி வைக்க, அடியில் காந்தத் தகடு ஒட்டிய காலிப் பெட்டிகளும் விற்கிறார்கள். கனடாவில் 1984-ல் தொடங்கிய 'மேக்', போலந்து நாட்டு 'இங்லாட்' எல்லாம் இந்த முறையில் விற்றுப் பெயர் வாங்கியவை. அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகலைன்னா, அதே மாதிரி தட்டுகள் குறைந்த விலையிலும் வருகின்றன.

என் நாத்தனார் மகள் அழகுக்கலைப் பயிற்சி முடித்து, வீட்டிலிருந்தே மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். பெரிய பெட்டிகள் வாங்க அவளிடம் முதல் இல்லை. ஆறு கலரோடு ஆரம்பித்தாள். ஒரு கல்யாணப் பணத்தில் இரண்டு கலர் என்று சேர்த்துச் சேர்த்து, இன்றைக்கு அவள் பெட்டியில் இருபத்து நாலு வட்டங்கள். கடன் வாங்கலை, நகை அடகுக்குப் போகலை. எந்தக் கலர் தீர்ந்ததோ, அதை மட்டும் புதுசா வாங்கி வைக்கிறாள்.

நிறம் தேர்ந்தெடுக்க அவள் சொல்லித் தந்ததும் புடவைக் கணக்குதான். வெள்ளை கலந்த வெளிர் நிறங்கள் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அரக்கு, செம்பு, பாக்கு நிறம், கத்திரிப்பூ, மயில்கழுத்து எல்லாம் எடுப்பாக இருக்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியம்மா, "கறுப்புப் பொண்ணுக்குக் கண்ணுல எதுக்கும்மா கலரு?" என்று கேட்டாராம். இவள் பதில் பேசாமல், அரக்குக் கூறைப் புடவைக்குப் பொருத்தமா இமையில் செம்பு நிறத்தைத் தடவி விட்டாள். கண்ணாடி பார்த்த அந்தப் பெண், "இன்னொரு தடவை காட்டுங்கக்கா" என்று கேட்டு வாங்கிப் பார்த்தாளாம். குறை அவள் நிறத்தில் இல்லை தோழிகளே, நமக்கு இத்தனை நாளும் விற்ற கலரில்தான்!

கடையில் சோதிக்கும்போது முன்கையில் தடவி, வெளி வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். டியூப்லைட்டை நம்பாதீங்க. பலர் விரல் பட்ட சாம்பிளைக் கண்ணில் மட்டும் வைக்கவே வேண்டாம்.

இனி பெட்டி விஷயம். கடைப் பெட்டி வாங்கணும்னு கட்டாயம் இல்லை. உள்ளே 11-க்கு 8 சென்டிமீட்டர் இருக்கிற, மூடி நன்றாக மூடும் பழைய டப்பா போதும், பன்னிரண்டு வட்டங்கள் அடங்கும். கடைகளில் இலவசமாகத் தரும் ஃபிரிட்ஜ் காந்த அட்டைகளை அளவாக வெட்டி, அச்சடித்த பக்கம் கீழே போகும்படி ஒட்டிவிடுங்கள். இரும்புத் தட்டு தானே பிடித்துக்கொள்ளும். அலுமினியத் தட்டு ஒட்டாது. அதன் அடியில் மெல்லிய இரும்பு வில்லை ஒன்றை ஒட்டினால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் கலரையும் எடுக்கலாம். சிலவற்றின் அடியில் சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஊக்கு நுனியை விட்டு மெதுவாகத் தள்ளினால் தட்டு வெளியே வந்துவிடும். உடைந்து தூளாகிவிட்டதா? தூக்கிப் போடாதீங்க. சில சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுக் குழைத்து, சுத்தமான துணி சுற்றிய ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் பழையபடி கெட்டியாகிவிடும்.

தட்டைப் பெட்டிக்கு மாற்றும்போது ஒரு வேலையை மறக்காமல் செய்யுங்கள். கலரின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி, திறந்த தேதி எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தட்டின் அடியிலேயே ஒட்டுங்கள். கண் சமாசாரம் ஆச்சே! அட்டையில் திறந்த ஜாடி படமும் '12எம்' என்ற எழுத்தும் இருந்தால், திறந்த பிறகு பன்னிரண்டு மாதம் வரை உபயோகிக்கலாம் என்று அர்த்தம். ஈயமோ ஆர்சனிக்கோ கலந்த நிறமிகளை அழகுசாதனங்களில் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதனால், மலிவு என்பதற்காகப் பெயரும் முகவரியும் இல்லாத தட்டுகளை வாங்காதீர்கள். மலிவு வேறு, அநாமதேயம் வேறு.

ஒரே பெட்டியை அக்கா தங்கைகள் பகிர்ந்துகொண்டால், பிரஷ்ஷை நேராகத் தட்டில் தோய்க்காமல், கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்டீல் தட்டில் போட்டு அதிலிருந்து எடுங்கள். பிரஷ்ஷை மென்மையான ஷாம்பூவில் அலசி நிழலில் உலர்த்துங்கள். 'மெட்ராஸ் ஐ' வந்தவருக்கு அது குணமாகும்வரை மையும் வேண்டாம், கலரும் வேண்டாம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, உங்களிடம் அதிகம் கட்டுப்படுகிற புடவை எதுன்னு யோசிச்சு, அதற்குத் தோதாக ஒரே ஒரு கலர் வாங்கிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, மன்னார்குடி.