தலை ஆடுது சரி, காது கேட்குதா?

இந்த எபிசோட்ல பாலியல் வன்முறை பத்திப் பேசப்போறோம். இப்போ வேண்டாம்னு தோணினா, அப்புறமா வந்து கேளுங்க.

2013-ல அமெரிக்க ராப்பர் ராக்கோவோட ஒரு பாட்டு ஹிட் ஆச்சு. அதுல ஒரு பகுதியைப் பாடினவர் ரிக் ராஸ். ஒரு பெண்ணோட ஷாம்பெயின்ல அவளுக்குத் தெரியாம போதை மருந்தைக் கலந்து, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அனுபவிச்சதா அதுல பெருமையா சொல்றார். சில நொடிதான். பீட் நல்லா இருந்தா, கவனிக்காமலே தாண்டிப் போயிடுவோம்.

ஆனா சிலர் கவனிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் ராஸ் ஒரு ரேடியோ பேட்டியில, எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க, ரேப்ங்கிற வார்த்தையையே நான் பயன்படுத்த மாட்டேன்னு சொன்னார். அப்போ அவர் ரீபாக் விளம்பரங்கள்ல இருந்தார். அல்ட்ராவயலட்ங்கிற பெண்கள் உரிமை அமைப்பு அந்த நிறுவனத்துக்கு எதிரா பிரச்சாரம் பண்ணிச்சு. ஏப்ரல் மாசம் ரீபாக் அவரை விலக்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் தெளிவான மன்னிப்பு வந்தது.

அவர் சொன்னது ஒரு வகையில சரிதான். அந்த வார்த்தை பாட்டுல இல்லை. பிரச்சினையே அதுதான். மயக்கத்துல இருக்கிற ஒருத்தரால சம்மதம் சொல்ல முடியாது. அதனால அது வல்லுறவு. ஆனா பாட்டுல அது ஒரு பார்ட்டி, ஒரு நல்ல ராத்திரி.

ரேப் கல்ச்சர்னு சொல்றது இதைத்தான். எல்லா ஆண்களும் குற்றவாளிகள்னு அதுக்கு அர்த்தம் இல்லை. குற்றம் கண் முன்னாடி நடந்தாலும் அது குற்றமாவே தெரியாத அளவுக்கு நம்ம காதும் கண்ணும் பழகிப்போறதுதான் அது. ஒரு பாட்டைக் கேட்டுட்டு யாரும் நேரா போய்த் தப்பு பண்ணிடறதில்லை. ஆனா இப்படி நடந்த ஒரு பெண், 'நான்தானே குடிச்சேன், நான்தானே அவன்கூடப் போனேன்'னு தன்னையே குத்திக்கிட்டுப் புகார் கொடுக்காம இருக்கிறதுக்கு, இந்த மாதிரி ஆயிரம் கதைகள் சேர்ந்து காரணமாகுது.

சரி, ஹிப்-ஹாப்பை மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்கன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ராக், சினிமா எதுவும் இதுல சுத்தம் இல்லை. அதோட, அமெரிக்காவுல அரசு வழக்கறிஞர்கள் ராப் வரிகளையே ஆதாரமா கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருக்காங்க. இதைக் கட்டுப்படுத்த கலிஃபோர்னியா 2022-ல சட்டமே போட்டுச்சு. கறுப்பின ஆண்களை ஏற்கெனவே சந்தேகத்தோட பார்க்கிறவங்களுக்கு இந்த விமர்சனம் வசதியா போயிடுது.

நடுவுல மாட்டிக்கிறது கறுப்பினப் பெண்கள். பேசினா, 'நம்ம ஆளையே காட்டிக்கொடுக்கிறியா?' பேசலைன்னா, அவமானம் அவங்க தலையிலதான்.

அப்படியும் பேசினாங்க. 2004, அட்லாண்டா. ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி. ரத்தப் புற்றுநோயால பாதிக்கப்பட்டிருந்த தன் அக்காவுக்காக ராப்பர் நெல்லியோட அறக்கட்டளை, அங்கே எலும்பு மஜ்ஜை கொடையாளர் முகாம் நடத்த இருந்தது. அதே நெல்லியோட ஒரு வீடியோவுல, ஒரு பெண்ணோட பின்பக்கத்துல கிரெடிட் கார்டு தேய்க்கிற காட்சி வருது. மாணவிகள் கேட்டது, 'வாங்க, ஆனா அந்த வீடியோ பத்தி எங்ககூட உட்கார்ந்து பேசுங்க.' அறக்கட்டளை முகாமையே ரத்து பண்ணிடுச்சு. ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துட்டாங்கன்னு பழி மாணவிகள் மேல விழுந்தது. அந்த மாணவிகள்ல ஒருத்தர் மோயா பெய்லி. கறுப்பினப் பெண்கள் மேல விழற தனி வகை வெறுப்புக்கு 'மிசோஜினுவார்'னு பின்னாடி பேர் வெச்சவர் இவர்தான். பேர் இருந்தாத்தானே ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்ட முடியும்!

மாற்றுக்குரல் ஹிப்-ஹாப்புக்கு உள்ளேயே இருந்தது. 1993-ல குயின் லத்தீஃபா 'யூனிட்டி'னு ஒரு பாட்டு வெளியிட்டார். அதுல தெருவுல நடந்துபோற பெண்ணை ஒருத்தன் தொடுறான். அவ திரும்பி நின்னு கேட்கிறா. வீட்டுக்குள்ள வாங்கற அடியைப் பத்தியும் பாடறார். 1995-ல அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைச்சது.

ரெண்டு பாட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ராஸ் பாடின பகுதியில அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லை. லத்தீஃபா பாட்டுல பேசறதே அவதான். கெட்ட வார்த்தை எத்தனைன்னு எண்ணுறதைவிட இது நல்ல அளவுகோல்.

இதே அளவுகோலை நம்ம பக்கமும் வெச்சுப் பார்க்கலாம். ஹிப்ஹாப் தமிழாவை முதல்ல பெருசா பேசவெச்ச 'கிளப்புல மப்புல', குடிக்கிற பெண்களைப் பண்பாட்டின் பேரால கண்டிச்ச பாட்டு. ராஸ் சொன்னதும் இதுவும் ஒண்ணு இல்லை. ஆனா குடிச்ச பெண்ணை முதல்லயே தப்பானவளா நிறுத்திட்டா, அவளுக்கு ஏதாவது நடக்கும்போது யாரைக் கேள்வி கேட்போம்?

பிளேலிஸ்ட்டை அழிக்கச் சொல்லலை. அடுத்த தடவை காரில் நாலு பேர் சேர்ந்து பாடும்போது அப்படி ஒரு வரி வந்தா, வால்யூமைக் குறைச்சுட்டு, 'இது என்ன சொல்லுதுன்னு கவனிச்சியா?'ன்னு ஒரு தடவை கேளுங்க. அந்தக் காருக்குள்ளேயே, யார்கிட்டயும் சொல்லாத கதையோட ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.