வீட்டில் 'டம்பெல்ஸ்' தூக்கும் வாலிபர்களே, உஷார்! குனியும்போதே இடுப்பு பிடிக்கும்

சம்பவம் நடந்த இடம்: சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடி. நேரம்: காலை 6 மணி. ஆயுதம்: ஆளுக்கு 10 கிலோ எடை உள்ள ஒரு ஜோடி இரும்பு 'டம்பெல்ஸ்'. பாதிக்கப்பட்டவர்: இந்தச் செய்தியை எழுதும் நிருபர்.

யாரையும் கைது செய்ய முடியாது. குற்றவாளியும் நான்தான்!

எதிர் வீட்டுக்காரர் வீடு காலி செய்தார். போகிற போக்கில், "800 ரூபாய் கொடு தம்பி, எடுத்துக்கோ" என்றார். போலீஸ் நிலையத்துக்கும் மாநகராட்சி ஆபீசுக்கும் அலைந்து, வேளா வேளைக்கு டீயும் பஜ்ஜியுமாக ஓட்டியதில் எனக்குத் தொப்பை விழுந்து இருந்தது. வாங்கி விட்டேன்.

முதல் நாள் வெறியோடு தூக்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மறுநாள் கையை மடக்கித் தலை சீவ முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, முட்டியை மடக்காமல் அப்படியே குனிந்து இரண்டையும் வெடுக்கென்று எடுத்தேன். "கடக்" என்றது இடுப்பு.

நிமிர முடியவில்லை. தம்பிதான் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினான். எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்புதான் என்றார் டாக்டர். ஆனாலும் 4 நாள் வேலைக்குப் போகவில்லை.

கவனியுங்கள். தூக்கும்போது பிடிக்கவில்லை. தூக்குவதற்கு முன்பு, தரையில் இருந்து எடுக்கும்போதே பிடித்து விட்டது!

எத்தனை கிலோ?

பிறகு வட சென்னையில் பழைய மாஸ்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். கர்லாக்கட்டை சுற்றிய காலத்து ஆள். "முதல்ல 10 பஸ்கி ஒழுங்காப் போடு, அப்புறம் இரும்பைத் தொடு" என்றார். நான் போட்ட பஸ்கியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்குக் கைக்கு 2 கிலோ, 3 கிலோ போதும். அதுவும் வாங்க வேண்டாம் என்றால் 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் 2 கிலோ ஆகி விட்டது. செலவு இல்லை.

எடை சரியா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரே மூச்சில் 8 முதல் 12 தடவை தூக்க வேண்டும். கடைசி 2 தடவை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். எட்டைத் தொட முடியவில்லை என்றாலோ, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி வீசித் தூக்கினாலோ அந்த எடை உங்களுக்கு அதிகம். கவுரவம் பார்க்காமல் கீழே வையுங்கள்.

கவுரவம் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு 'சாண்டோ' பட்டம் எங்கே இருந்து வந்தது? யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வானின் பெயர் அது. உலகம் எல்லாம் சுற்றிக் காட்சி நடத்திய அந்தச் சாண்டோவே பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் சின்ன 'டம்பெல்ஸ்' வைத்துத்தான் செய்யச் சொன்னார்.

பெரியமேடு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் வாங்குவதாக இருந்தால், மேலே எழுதி இருப்பது கிலோவா, பவுண்டா என்று பாருங்கள். 10 பவுண்டு என்பது நாலரை கிலோதான். உருண்டையாக இருப்பது தரையில் ஓடும். ஆறு மூலை உள்ளது வைத்த இடத்தில் நிற்கும். கம்பியில் தட்டு மாட்டும் வகை என்றால், ஒவ்வொரு தடவையும் தூக்கும் முன்பு இரண்டு பக்கத் திருகையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அது கழன்று தட்டு விழுந்தால் கால் விரல் நசுங்கி விடும்.

கைலி வேண்டாம்

உட்கார்ந்து எழும்போது கைலி காலில் சுற்றும். கால்சட்டை போட்டுக் கொள்ளுங்கள். வழுக்காத பூட்சும் போடுங்கள். வியர்த்த கையைத் துண்டால் துடையுங்கள். மின்விசிறிக்கு அடியில் நின்று தலைக்கு மேல் தூக்காதீர்கள். நம் வீட்டுக் கூரை உயரம் நமக்குத் தெரியும். குழந்தை இருக்கிற வீட்டில் அலமாரி மேலே, கட்டில் மேலே வைக்கவே கூடாது.

முதல் 5 நிமிடம் முதல் 10 நிமிடம் வரை மொட்டை மாடியில் வேகமாக நடங்கள். கையைச் சுழற்றுங்கள். வெறும் கையோடு 10 பஸ்கி. உடம்பு சூடு ஏறிய பிறகுதான் இரும்பு.

இனி எடுக்கும் முறை. காலை அகட்டி, 'டம்பெல்ஸ்' பக்கத்திலேயே நில்லுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பையும் முட்டியையும் மடக்கி இறங்குங்கள். நெஞ்சு நிமிர்ந்து இருக்கட்டும். கட்டை விரலைச் சுற்றிப் பிடித்து, உடம்போடு ஒட்டி, காலை ஊன்றி எழுந்திருங்கள். எடையைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது. இறக்கி வைப்பதும் அதே மாதிரிதான். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். களைத்துப்போய், "முடிஞ்சுதுடா சாமி" என்று தொப்பென்று குனிந்து வைக்கும்போது முதுகு மாட்டிக்கொள்கிறது.

தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். ரத்தக் கொதிப்பு, இதய நோய், குடல் இறக்கம் உள்ளவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நம் வாலிபர்கள் பலர் கண்ணாடி முன்னால் நின்று கையை மட்டுமே மடக்கி மடக்கிப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மாஸ்டர் அதைக் கடைசிக்குத் தள்ளி விட்டார். எடையை நெஞ்சோடு அணைத்து பஸ்கி. கட்டில் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, முதுகு நேராக இருக்க, மறு கையால் கீழே இருந்து இடுப்பு வரை இழுப்பது. பாயில் மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது. படுத்துத் தள்ளும்போது முழங்கை தரையில் முட்டி நின்று விடும். தோள்பட்டை பிசகாது. முதல் வாரம் எல்லாம் ஒவ்வொரு சுற்று. பிறகு இரண்டு.

தினமும் வேண்டாம். வாரத்தில் 2 நாள், 3 நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு. பெரியவர்கள் வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லி இருக்கிறது.

எடையை ஏற்றும் போதும் அவசரம் கூடாது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு தடவை தூக்க முடிந்தால், 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் சொன்ன கணக்கு. 3 கிலோவை விட்டு 4 கிலோவுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடி விடுகிறதே! அதனால் 12-ஐ 15 ஆக்கி, அது லேசான பிறகு மாறுங்கள்.

எந்த வலி ஆபத்து?

மறுநாளும் அதற்கு மறுநாளும் சதை வலிப்பது சகஜம். இரண்டு மூன்று நாளில் போய் விடும். ஊசி குத்துவது போல் சுரீர் என்றால், மூட்டு வலித்தால், கை கால் மரத்தால் நிறுத்தி விட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தாலோ, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அளவுக்கு மீறித் தூக்கியதில் தசை சிதைந்து ரத்தத்தில் கலந்தால் அப்படிப் போகும். கிட்னி கெட்டு விடும்.

டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்கவும் கிளம்பி விடாதீர்கள். உடம்பை ஏற்ற அதை நம்ப வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லி இருக்கிறது. முட்டையும் சுண்டலும் வீட்டிலேயே இருக்கிறது. "ஊசி போட்டா ஒரே மாசத்தில ஏறிடும்" என்று எவனாவது வந்தால், எங்கள் 'கிரைம்' பக்கத்துக்குச் செய்தி தயார் என்று அர்த்தம்.

மூன்று மாதம் ஆகிறது. நான் இப்போது 5 கிலோவில் இருக்கிறேன். தொப்பை பாதி இறங்கி இருக்கிறது. அந்த 10 கிலோ ஜோடியில் ஒன்று, மொட்டை மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இன்னொன்றை மாஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார்.